மலையைத் தாழ்த்திக் கட்டிய மண்டபம்

படத்தில் முதலில் கண்ணில் படுவது பனி. வட்டமான ஒரு பெரிய மண்டபம், அதன் தரை முழுக்க வெள்ளை. வெளியே பெய்ய வேண்டியது உள்ளே பெய்திருக்கிறது. மேலே கூரை என்று சொல்ல ஒன்றுமில்லை. கூரையைத் தாங்கிய இரும்புச் சட்டங்கள் மட்டும் மிஞ்சியிருக்கின்றன, இடைவெளிகளில் சாம்பல் நிற வானம். சட்டங்கள் எல்லாம் போய்ச் சேரும் நடுவில், இன்னும் விழாமல், சுத்தியலும் அரிவாளும் பதித்த வட்டம். அதைச் சுற்றி, உலகத் தொழிலாளர்களை ஒன்றுசேர அழைக்கும் வாசகம். கேட்பதற்குக் கீழே யாரும் இல்லை.

ஊர் சுற்றுவதையே வாழ்க்கையாகக் கொண்ட நண்பர் ஒருவர் சில வருடங்களுக்கு முன் எடுத்த படம். அப்போது அந்த இடத்துக்குக் காவல் கிடையாது. பக்கவாட்டில் இருந்த ஓர் உடைப்பு வழியே குனிந்து உள்ளே போயிருக்கிறார். படத்தோடு எழுதி அனுப்பியது இடத்தின் பெயரை மட்டும்: புஸ்லுஜா, பல்கேரியா. நான் அங்கே போனதில்லை. ஆனால் காலையில் கண்ணை மூடி உட்காருவதற்கு முன்னால் எதையாவது சற்று நேரம் பார்த்துக்கொண்டிருப்பது என் வழக்கம். பெரும்பாலும் விளக்குச் சுடர், சில நாள் ஜன்னலுக்கு வெளியே தெரியும் வேப்பங்கிளை. கொஞ்ச காலம் இந்தப் படம் அந்த இடத்தில் இருந்தது. கடவுள் இல்லை என்று சொன்னவர்கள் கட்டிய மண்டபம் தியானத்துக்கு இவ்வளவு ஒத்துவரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

பல்கேரியாவின் குறுக்கே மேற்கிலிருந்து கிழக்காக ஓடுகிறது ஸ்டாரா பிளானினா மலைத்தொடர். பால்கன் மலை என்று வெளியுலகம் சொல்வது இதைத்தான். அதன் நடுப்பகுதியில் 1,432 மீட்டர் உயரத்தில் இருக்கிறது புஸ்லுஜா சிகரம். 1868ல் துருக்கிய ஆட்சியை எதிர்த்து மலையேறிய ஹாஜி திமிதரின் சிறு படை இங்கேதான் கடைசிச் சண்டை போட்டு விழுந்தது. 1891 ஆகஸ்டில் திமிதர் பிளகோயெவும் அவருடைய தோழர்களும் இதே மலையில் ரகசியமாகக் கூடி ஒரு சோஷலிஸ்ட் கட்சியைத் தொடங்கினார்கள். பிற்பாடு நாட்டையே ஆண்ட கம்யூனிஸ்ட் கட்சி தன் பிறப்பை அந்த நாளிலிருந்துதான் எண்ணியது.

அந்த 1891 கூட்டத்தை மனதில் கொண்டுவந்து பார்க்கிறேன். மலைக்காடு, பீச் மரங்கள், புல்தரை. ஊர் அறியாமல் வந்து கூடிய சிலர். அவர்களுக்கு மேலே கூரை இல்லை, அது ஒரு குறையாகவும் அவர்களுக்குப் பட்டிருக்காது. எந்த நம்பிக்கையும் ஏறக்குறைய இப்படித்தான் தொடங்குகிறது, மரத்தடியில், கையில் ஒன்றும் இல்லாத ஒரு சிலரோடு. அந்த நேரத்தில் அதற்கு இருக்கும் தூய்மை பிறகு வாய்ப்பதில்லை. நமக்கும் ஒரு கூரை வேண்டும், அது எல்லார் கூரையையும்விட உயரமாக வேண்டும் என்ற ஆசை வரும்போது வேறு ஏதோ உள்ளே நுழைந்துவிடுகிறது. மதங்களுக்கெல்லாம் இது நேர்ந்திருக்கிறது. மதம் வேண்டாம் என்றவர்களும் தப்பவில்லை.

கட்சி பிறந்த அந்த மலையில் அதற்கு ஒரு மண்டபம் எழுப்பும் வேலை 1974 ஜனவரியில் தொடங்கியது. முதலில் வெடி வைத்தார்கள். கட்டடத்துக்குச் சமதளம் வேண்டுமென்று சிகரத்தின் தலையை 9 மீட்டர் வெட்டி இறக்கினார்கள். 15,000 கன மீட்டருக்கு மேல் பாறை அகன்றது. பிறகு அங்கே 70,000 டன் கான்கிரீட்டும் 3,000 டன் இரும்பும் 40 டன் கண்ணாடியும் ஏறின. ராணுவத்தின் கட்டுமானப் பிரிவும் தொண்டர்களுமாக 6,000க்கும் மேற்பட்டவர்கள் ஏழு ஆண்டுகள் உழைத்தார்கள்.

இந்த எண்களில் என்னைப் பிடித்து நிறுத்துவது அந்த 9 மீட்டர்தான். மலை யாரையும் கேட்காமல், யாருக்கும் காட்டாமல், தானாக எட்டியிருந்த உயரம் அது. அதைக் கழித்துவிட்டுத்தான் நம் உயரத்தை அங்கே நிறுத்த முடிந்தது. உள்ளே நடப்பதும் இதுதான் என்பது, சும்மா உட்கார்ந்து பார்த்தால் கொஞ்சம் கொஞ்சமாகப் புலப்படுகிறது. ‘நான்’ என்று ஒன்றை நிமிர்த்தி வைப்பதற்காக, அதற்கு முன்பே அங்கே இருந்த எதையோ சமப்படுத்தியிருக்கிறோம். எப்போது, எவ்வளவு என்பது நினைவில் இல்லை. கட்டியது கண்ணுக்குத் தெரிகிறது. வெட்டி எறிந்தது மலைச்சரிவில் எங்கோ புல் முளைத்துக் கிடக்கிறது.

பணம் மக்களிடமிருந்து வந்தது. நன்கொடைக்கென்று வில்லைகள் அச்சிட்டு விற்றார்கள். ஒரு கோடி லெவாவுக்கு மேல் சேர்ந்தது. மனமுவந்து கொடுத்தவர்கள் நிச்சயம் இருந்திருப்பார்கள். கொடுக்காமல் இருந்தால் யாராவது குறித்துக்கொள்வார்கள் என்று கொடுத்தவர்களும் இருந்தார்கள். காணிக்கையைப் பற்றிப் பேசும்போது இரண்டாவது வகையை நாம் ஒதுக்கிவிடுகிறோம். எனக்கென்னவோ அந்தப் பணமும் மண்டபத்தில் சேர்ந்தே இருக்கிறது என்று தோன்றுகிறது. பயந்து கொடுத்தவரின் ஒரு நாள் கூலியும் அந்தச் சுவரில் கலந்திருக்கிறது. இந்த மண்டபம் யாருடையது என்று பின்னால் வழக்குப் பேசியவர்கள் இதை மறந்துவிட்டுத்தான் பேசினார்கள்.

வடிவமைத்தவர் கியோர்கி ஸ்டோய்லோவ்; சோபியா நகரத்தின் மேயராகவும் இருந்தவர். ரோமாபுரியின் பாந்தியனும் விண்வெளிக் கதைகளும் சேர்ந்து அவர் கற்பனையைத் தூண்டியிருக்கின்றன. வெளியே நின்று பார்ப்பவர்களுக்கு இரண்டாவதுதான் தெரியும். மலை உச்சியில் இறங்கிய பறக்கும் தட்டு என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். ஒட்டினாற்போல் 70 மீட்டர் உயரக் கோபுரம், அதன் இரு முகங்களிலும் 12 மீட்டர் உயரமுள்ள சிவப்புக் கண்ணாடி நட்சத்திரங்கள். இரவில் விளக்கேற்றினால் வடக்கே ருமேனியாவிலிருந்தும் தெற்கே கிரேக்கத்திலிருந்தும் தெரியும் என்று அந்நாளில் பெருமை பேசினார்கள். பயணிகள் விரும்பி எடுப்பது இந்த வெளித்தோற்றத்தைத்தான். எனக்கு அதில் அவ்வளவாக மனம் ஒட்டவில்லை.

பாந்தியன் வேறு விஷயம். ஏறத்தாழ 1,900 ஆண்டுகளுக்கு முன் பேரரசன் ஹேட்ரியன் காலத்தில் எழுந்தது. அதன் குவிமாடத்தின் உச்சியில் வட்டமாக ஒரு திறப்பு உண்டு. மழை பெய்தால் உள்ளே விழும். விழுந்த நீர் வடிவதற்குத் தரையில் சிறு துளைகள் இருக்கின்றன. வானத்துக்கு இடம் விட்டே கட்டியிருக்கிறார்கள். இன்னொன்று: வாசலில் ஹேட்ரியனின் பெயர் கிடையாது. அவனுக்கு முன்பு அதே இடத்தில் கட்டிய அக்ரிப்பாவின் பெயரைத்தான் பொறித்து வைத்தான். தெய்வங்கள் மாறின. 609ல் அது கிறிஸ்தவக் கோயிலானது. பழைய தெய்வங்களை நம்பாதவர்கள்தான் அதற்கு விளக்கேற்றி, தரையைப் பெருக்கி, இன்றுவரை நிற்க வைத்தவர்கள்.

புஸ்லுஜாவில் வானத்துக்கு இடம் விடவில்லை. குவிமாடத்தின் மேல் தாமிரத் தகடு போர்த்தி மூடினார்கள். உள்ளே சுவர் முழுக்க மொசைக் ஓவியங்கள். 60க்கும் மேற்பட்ட கலைஞர்கள் செய்தவை. கோபால்ட் கண்ணாடிக் கற்கள் மட்டும் ஏறத்தாழ 35 டன். போராட்டம், உழைப்பு, வெற்றி எனக் கட்சியின் கதை வட்டமாக ஓடுகிறது. ஒரு பக்கத்தில் மார்க்ஸ், எங்கெல்ஸ், லெனின். இன்னொரு பக்கத்தில் பல்கேரியத் தலைவர்கள் மூவர்: பிளகோயெவ், கியோர்கி திமித்ரோவ், தோதோர் ஷிவ்கோவ். முதல் இருவரும் இறந்தவர்கள். மூன்றாமவர் திறப்பு விழாவுக்கு வந்து தன் முகத்தைத் தானே அண்ணாந்து பார்த்தார்.

1981 ஆகஸ்ட் 23 அன்று அந்தத் திறப்பு விழா. அதற்கு ஒரு மாதத்துக்கு முன்பு, ஜூலை 21 அன்று, ஷிவ்கோவின் மகள் லுத்மிலா இறந்துபோயிருந்தார். மூளையில் ரத்தக்கசிவு என்று அறிவித்தார்கள். வயது 38.

இந்த லுத்மிலாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லித்தான் ஆக வேண்டும். நாட்டின் கலை, பண்பாட்டுத் துறை முழுவதும் அவர் கையில் இருந்தது. கட்சியின் உச்சக் குழுவிலும் உறுப்பினர். தந்தையின் மகள் என்பதால் கிடைத்த பதவி என்று பேசியவர்கள் உண்டு, அதில் பொய்யும் இல்லை. ஆனால் 1973ல் ஒரு கார் விபத்தில் பலத்த காயம்பட்டுப் பிழைத்த பின் அந்தப் பெண் உள்முகமாகத் திரும்பினார். நாத்திகம் அரசின் கொள்கையாக இருந்த நாட்டில் யோகம், தியோசபி, மரக்கறி உணவு என்று ஒரு வாழ்க்கை. வெள்ளைத் தலைப்பாகை. மேடையில் ஐந்தாண்டுத் திட்டத்தைப் பற்றிப் பேச வேண்டிய இடத்தில் ஒளி, இசைவு, அழகு என்று பேசுவாராம்; கட்சிக்காரர்கள் தலையை ஆட்டிக்கொண்டு கேட்டிருப்பார்கள். இமயத்தில் வாழ்ந்து வரைந்த நிக்கோலாய் ரோரிக்கின் ஓவியங்களையும் எண்ணங்களையும் பல்கேரியாவில் கொண்டாடச் செய்தார். இந்தியாவுக்கு வந்தார். பெங்களூரில் குடியிருந்த நிக்கோலாயின் மகன் ஸ்வெதோஸ்லாவ் ரோரிக்கோடு அவருக்கு நெருங்கிய நட்பு இருந்தது. நம் பழைய இந்தித் திரையின் தேவிகா ராணியுடைய கணவர்தான் அந்த ஸ்வெதோஸ்லாவ்.

பல்கேரிய அரசு தோன்றி 1,300 ஆண்டுகள் நிறைவதை 1981ல் நாடு முழுக்கக் கொண்டாட ஏற்பாடு செய்தவரும் லுத்மிலாதான். புஸ்லுஜா திறக்கப்பட்டது அந்த ஆண்டின் கோலாகலத்தில். அவர் இல்லாமல்.

ஷிவ்கோவ் ஒரு சர்வாதிகாரி. 1954ல் கட்சித் தலைமைக்கு வந்து 35 ஆண்டுகள் இறங்காமல் இருந்தவர். இருந்தாலும் அந்த ஆகஸ்ட் நாளில் மலை உச்சியில் நிற்கும் அந்த 69 வயது மனிதரிடம் என் மனம் போய் நின்றுவிடுகிறது. மகளைப் புதைத்து ஒரு மாதம். எதிரே கொடிகள், வாத்தியம், கைதட்டல். சுவரில் கண்ணாடிக் கற்களால் ஆன தன் முகம், என்றும் அழியாது என்று உறுதி சொல்லப்பட்ட முகம். மகளின் முகம் மண்ணுக்குள் இருந்தது. அந்த நேரத்தில் அவருக்குள் என்ன ஓடியது என்பதை எந்தப் பதிவும் சொல்லாது. ஒரு கணமாவது அந்தக் கண்ணாடி முகம் அவருக்கு அந்நியமாகப் பட்டிருக்கும் என்றுதான் நான் நினைக்கிறேன். நினைக்க விரும்புகிறேன் என்று சொல்வதே சரி.

அதற்கு மூன்று ஆண்டுகள் கழித்து அவருடைய அரசு செய்த காரியம் அந்த விருப்பத்துக்கு இடம் கொடுக்கவில்லை. 1984 கடைசியில் தொடங்கி, பல்கேரியாவில் வாழ்ந்த துருக்கிய முஸ்லிம்களின் பெயர்களை வலுக்கட்டாயமாக மாற்றினார்கள். ஊரைச் சுற்றிப் படையை நிறுத்தி, வீடு வீடாகப் போய், புதிய பல்கேரியப் பெயரும் புதிய அடையாள அட்டையும் கொடுத்தார்கள். சுமார் 8 லட்சம் பேர். புஸ்லுஜா என்பதே துருக்கிப் பெயர்தான்; அந்தப் பெயருள்ள மலையில் தன் முகத்தைப் பதித்துக்கொண்ட ஒருவர், தன் குடிமக்களிடமிருந்து துருக்கிப் பெயர்களைப் பறித்தார். 1989 கோடையில் மட்டும் 3 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு எல்லையைத் தாண்டித் துருக்கிக்குப் போனார்கள். அதே ஆண்டு நவம்பர் 10 அன்று ஷிவ்கோவின் பதவி போயிற்று.

மண்டபத்தை முதலில் பூட்டி வைத்தார்கள். சில வருடங்களில் காவலும் விலகியது. பிறகு வந்தவர்கள் எடுக்க முடிந்ததையெல்லாம் எடுத்தார்கள். கூரையின் தாமிரத் தகடுகள் உரிந்து போயின. கோபுரத்து நட்சத்திரம் மாணிக்கக் கல்லால் ஆனது என்று ஒரு பேச்சு கிளம்ப, அதைத் துப்பாக்கியால் சுட்டுப் பார்த்தார்கள், உதிர்ந்தது கண்ணாடி. முகப்பில் இருந்த பெரிய எழுத்துகள் ஒவ்வொன்றாகப் போயின. வாசலுக்கு மேலே கடந்த காலத்தை மறந்துவிடு என்று ஒருவர் சிவப்பில் எழுதினார். ஒருபோதும் மறக்காதே என்று வேறொருவர் அதைத் திருத்தினார். மண்டபத்துக்குள் ஷிவ்கோவின் முகத்தை யாரோ உளி வைத்துக் கொத்தி எடுத்தார்கள். தலையும் தோளும் இருக்கின்றன. முகம் இருந்த இடத்தில் வெறும் சாந்து.

பெயர்களைப் பறித்தவன் முகத்தை இழந்தான், வினைக்கு வினை சரியாகிவிட்டது என்று சொல்லி இங்கே நிறுத்திக்கொள்ளலாம். ஆன்மிகக் கட்டுரைக்கு வசதியான முடிவு. எனக்கு அதில் நிறைவில்லை. கொத்தப்பட்டது கண்ணாடிக் கல். ஷிவ்கோவ் வீட்டுக் காவலில் இருந்து, அதிலிருந்தும் விடுபட்டு, 1998ல் முதுமையில் இறந்தார். எல்லையைத் தாண்டிப் போனவர்களில் பலருக்கு விட்டுவந்த வீடு திரும்பக் கிடைக்கவில்லை. கணக்கு எங்கே நேரானது? வினை என்பது நம் கண்முன்னே இப்படிப் பைசல் ஆகிற விஷயமாக இருந்திருந்தால் சித்தர்கள் அதைப் பற்றி அவ்வளவு பாடியிருக்க வேண்டியதில்லை.

உண்மையில் அந்த மண்டபத்தை அழித்தவற்றில் மனிதக் கை சிறியது. பெரிய வேலையைச் செய்தது தண்ணீர். தாமிரம் போனதும் மழை உள்ளே இறங்கியது. மொசைக் கற்களுக்குப் பின்னால் இருக்கும் சாந்தின் மயிரிழை விரிசல்களில் நீர் புகுந்தது. குளிர்காலத்தில் அது உறைந்தது. உறையும்போது நீர் பெருக்கும். பெருத்த பனிக்கட்டி சாந்தைத் தள்ளியது. வசந்தத்தில் உருகி இன்னும் கொஞ்சம் ஆழமாகப் போயிற்று. வருடா வருடம் இதே வேலை. மார்க்சின் பக்கம் என்றும் ஷிவ்கோவின் பக்கம் என்றும் அதற்குப் பேதமில்லை. கோபம் ஒரு முகத்தைத்தான் எடுத்தது. தண்ணீர், யார் மேலும் கோபமில்லாமல், சுவர் சுவராக எடுத்தது.

மலைக்குத் தெற்கே கீழே பார்த்தால் ரோஜாப் பள்ளத்தாக்கு. அத்தர் எடுப்பதற்காக ரோஜா பயிரிடும் பூமி. அங்கே கசன்லக் என்ற ஊரில் இன்னொரு வட்ட மண்டபம் இருக்கிறது, 2,300 ஆண்டு பழசு. 1944ல் ராணுவ வீரர்கள் மேடு ஒன்றைத் தோண்டும்போது வெளிப்பட்டது: திரேசியர் எனப்படும் பழங்குடிகளின் கல்லறை. செங்கல்லால் தேன்கூடு வடிவில் எழுப்பிய குவிமாடம். உள்ளே குறுக்களவு மூன்று மீட்டர்கூட இல்லை, நாலைந்து பேர் நின்றால் நெருக்கம். அதன் உட்புறம் சுற்றிலும் ஓவியம். ஒரு தலைவனும் அவன் மனைவியும் விருந்து மேசை முன் அமர்ந்திருக்கிறார்கள். அவன் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்திருக்கிறான். அவள் முகம் கொஞ்சம் குனிந்திருக்கிறது. பணியாளர்கள், குதிரைகள், உச்சியில் ஓடும் தேர்கள். அது விடைபெறும் விருந்து என்று பார்த்தவுடனே தெரிந்துவிடும். யார் அந்த இருவர் என்று உறுதியாகச் சொல்ல ஒரு பெயரும் அங்கே எழுதப்படவில்லை.

யுனெஸ்கோ 1979ல் அதை உலகச் சொத்து என்று பட்டியலில் சேர்த்தது, புஸ்லுஜாவில் கான்கிரீட் வேலை நடந்துகொண்டிருந்த காலத்தில். மனித மூச்சின் ஈரம்கூட ஓவியத்துக்கு ஆகாது என்பதால், பொதுமக்களுக்குப் பக்கத்தில் அச்சு அசலாக ஒரு நகலைக் கட்டி அதைத்தான் காட்டுகிறார்கள். மண்ணுக்குள் மறைந்திருந்தது பிழைத்தது, உச்சியில் நின்றது சிதைந்தது என்ற எண்ணம் எனக்கும் வந்தது. ஆனால் அதே பள்ளத்தாக்கில் செவ்தோபோலிஸ் என்ற திரேசிய நகரம் 1948ல் அணைக்கட்டு வேலையின்போது கிடைத்தது. ஆராய்ந்து முடித்ததும் அணையின் நீரில் மூழ்கவிட்டார்கள். மண்ணுக்குள் இருந்ததுதான் அதுவும். எது பிழைக்கும், எது பிழைக்காது என்பதற்கு ஒளிந்திருப்பதும் நிமிர்ந்திருப்பதும் விதியாகாது. கண்டெடுத்த பிறகு யாராவது அதைப் பார்த்துக்கொண்டார்களா என்பது மட்டும்தான் ஒவ்வொரு முறையும் வித்தியாசத்தை உண்டாக்கியிருக்கிறது.

ஆட்சி வீழ்ந்த நாடுகளில் இத்தகைய நினைவுச் சின்னங்களை என்ன செய்வது என்று வரும்போது இரண்டு குரல்கள்தான் உரக்கக் கேட்கும். மாலை போடு, அல்லது இடித்துப் போடு. சோபியாவில் திமித்ரோவின் பதப்படுத்திய உடலுக்காக 1949ல் ஆறே நாளில் ஒரு மாளிகை கட்டினார்கள். 1999 ஆகஸ்டில் அதை இடிக்க வெடி வைத்தபோது முதல் வெடிக்கு அது லேசாகச் சாய்ந்து நின்றது. பல முறை வைக்க வேண்டியிருந்தது. தொழுவதிலும் இடிப்பதிலும் இருக்கும் வேகம் ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது. இரண்டுமே அந்தக் கல்லுக்குள் ஒரு சக்தி இருப்பதாக நம்புகின்றன.

மூன்றாவதாக ஒரு காரியத்தைப் புஸ்லுஜாவில் சிலர் செய்திருக்கிறார்கள். தோரா இவனோவா என்ற இளம் பல்கேரியக் கட்டடக் கலைஞர் மண்டபத்தைக் காப்பதற்காக ஓர் அமைப்பைத் தொடங்கினார். கம்யூனிஸ்ட் ஆட்சி விழுந்த பிறகு பிறந்த தலைமுறை; அந்த ஆட்சிக்கு நன்றிக்கடனோ அதன்மேல் சொந்தப் பகையோ அவருக்கு இல்லை. 2018ல் ஐரோப்பாவில் அழியும் ஆபத்திலுள்ள ஏழு மரபுச் சின்னங்களில் ஒன்றாக அது அறிவிக்கப்பட்டது. காவல் வந்தது. 2019ல் அமெரிக்காவின் கெட்டி அறக்கட்டளை பாதுகாப்புத் திட்டம் தீட்ட நிதி கொடுத்தது. அடுத்து மொசைக் வல்லுநர்கள் பல நாடுகளிலிருந்து வந்தார்கள். அவர்கள் செய்தது மிகச் சாதாரணமான வேலை. சுவரோரமாகச் சாரம் கட்டி ஏறி, கற்கள் எங்கெங்கே தளர்ந்திருக்கின்றன என்று பார்த்து, உதிரும் விளிம்புகளைச் சாந்து பூசி நிறுத்தினார்கள். இன்னும் உதிராமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். இது எந்தத் தலைவரின் கை, எந்தத் தோழரின் தோள் என்பது அந்த வேலைக்குத் தேவைப்படவில்லை.

அப்பர் பெருமான் கையில் உழவாரத்தோடு கோயில் கோயிலாகப் போனதை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை. பாடியவர்தான், ஆனால் பாடி முடித்ததும் குனிந்து பிராகாரத்தில் முளைத்திருந்த புல்லைச் செதுக்கினார். அவருக்கு எதிரே இறைவன் இருந்தான், அன்பினால் செய்தார். சாரத்தின் மேல் நிற்கும் இவர்களுக்கு எதிரே யாரும் இல்லை. நம்பிக்கை போய்விட்ட மண்டபத்தில், நம்பாத ஒருவர், உதிரும் கல்லைப் பிடித்து நிறுத்துகிறார். பற்றில்லாத பணி என்று நம் நூல்கள் சொல்வதற்கு இதைவிடத் தெளிவான உருவத்தை நான் பார்த்ததில்லை. அன்பில்லாத பணி என்று இதைச் சொல்லவும் மாட்டேன். யாருடைய முகம் என்று கேட்காமல் ஒரு கல்லைப் பிடித்துக்கொள்ளும் கையில் இருப்பது வேறு என்ன?

இதை எனக்குள்ளும் முயன்று பார்த்தேன். பழைய தோல்விகள், பழைய பெருமைகள், ஒரு காலத்தில் முழு மூச்சோடு நம்பி இப்போது கூச்சம் தருகிற கொள்கைகள் எல்லாருக்குள்ளும் கிடக்கின்றன. உட்கார்ந்தவுடன் மனம் ஒன்றுக்கு மாலை போடப் போகும், அல்லது ஒன்றை உடைக்கப் போகும். உடைப்பதைத் துறவு என்று வேறு பெயரிட்டுக்கொள்ளும். இரண்டும் செய்யாமல், அது இருக்கிற நிலையில் அதைப் பார்த்து, விளிம்பு உதிர்ந்தால் உதிராமல் பிடித்துவிட்டு நகர்வது கடினமாகத்தான் இருக்கிறது. ஆனால் அப்படிச் செய்கிற சில நிமிடங்களில் மண்டபம் பெரிதாகிறது. காற்று உள்ளே வருகிறது.

ஸ்டோய்லோவ் 2022 வரை வாழ்ந்தார். தான் கட்டியது திறந்திருந்ததைவிட நீண்ட காலம் அது பாழாய்க் கிடப்பதைப் பார்த்தவர். தாமிரம் போய், பாந்தியனைப் போல வானம் உள்ளே வந்ததைப் பற்றி அவர் என்ன நினைத்தாரோ. கூரை போட்டுத்தான் ஆக வேண்டும், இல்லாவிட்டால் மொசைக் பிழைக்காது. அது தெரிந்தும், படத்தில் அந்தப் பனியைப் பார்க்கும்போது கட்டடம் முதன்முறையாக மூச்சுவிடுகிறது என்று எனக்குத் தோன்றாமல் இல்லை.

கொத்தப்பட்ட அந்த முகத்தை என்ன செய்வது என்ற கேள்வி ஒரு நாள் வரத்தான் செய்யும். பழைய புகைப்படங்கள் இருக்கின்றன. அதே நிறக் கற்களைத் தேடிப் பிடித்து, இருந்தபடியே திரும்பப் பதிக்க வல்லுநர்களால் முடியும். என்னைக் கேட்டால் பதிக்க வேண்டாம் என்பேன். மிச்சமிருக்கும் தலையையும் தோளையும் பெயர்க்கவும் வேண்டாம். உளி பட்ட சாந்து அப்படியே இருக்கட்டும். பதித்தவருடைய கை எவ்வளவு உண்மையோ, கொத்தியவருடைய கையும் அவ்வளவு உண்மை. அந்த வெற்றிடத்தைச் சுற்றியுள்ள கற்களின் ஓரத்தை மட்டும் சாந்து வைத்துக் கட்ட வேண்டும், நீர் பின்னால் புகாதபடி. கூரைக்கு வழி பிறக்கும் வரை, ஒவ்வொரு குளிர்காலமும் முடிந்த பின் யாராவது சாரத்தில் ஏறி அந்த ஓரத்தை விரலால் தட்டிப் பார்த்துவிட்டு இறங்க வேண்டும்.